குழந்தையைக் காட்டிக்கொண்டே இருந்தவள்

அவளுக்கு வந்த முதல் தமிழ் வார்த்தை ‘பாரு’. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. உப்பு பாக்கெட் போடும் எங்கள் ஷெட்டில் சூப்பர்வைசர் காலையிலிருந்து “இங்க பாரு, சீல் விட்டிருக்கு பாரு, கீழ சிந்துது பாரு” என்று கத்திக்கொண்டே இருப்பார். அதிலிருந்து பொறுக்கி எடுத்திருப்பாள். அந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எங்களோடு பல மாதம் பேசினாள், சிரித்தாள், சண்டைகூடப் போட்டாள்.

எது கண்ணில் பட்டாலும் அவளுக்கு அதை யாரிடமாவது காட்டியாக வேண்டும். வந்த முதல் நாள் உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்தாள். ஓடிப் போய் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து செல்வி அக்காவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அப்போது ‘பாரு’கூட வரவில்லை. கண்ணை அகலமாக விரித்து, தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.

“ஏண்டி, பொறந்ததுல இருந்து இதுலதான் பொரண்டுக்கிட்டு கெடக்கறேன். நீ எனக்கு உப்பு காட்டறியா?” என்றாள் செல்வி அக்கா.

ஷெட்டே சிரித்தது. எங்களைவிட அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். கையிலிருந்த உப்பைக் கீழே போட மனமில்லாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எங்கள் மரக்காணம் பக்கம் உப்பு வேலைக்கு இப்போது உள்ளூர் ஆள் சரியாகக் கிடைப்பதில்லை. பிள்ளைகள் பஸ் ஏறி சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஒரு ஏஜென்ட் மூலமாக ஜார்க்கண்டிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். பொங்கல் முடிந்து பாத்தி சரிசெய்யும் நேரத்தில் வந்த கூட்டத்தில் அவளும், புருஷனும், கைக்குழந்தையும் இருந்தார்கள். அளத்தின் ஓரத்தில் போட்ட தகரக் கொட்டகையில் தங்கினார்கள். புருஷன் பாத்தியில் உப்பு வாருவான். அவளுக்கு ஷெட்டில் வேலை. உப்பைப் பாக்கெட்டில் நிரப்பி அவள் என் பக்கம் தள்ளுவாள், நான் மெஷினில் வைத்து வாயை ஒட்டுவேன்.

எல்லோரும் அவளை இந்திக்காரப் பொண்ணு என்றுதான் சொன்னோம். புருஷன் சென்னையில் கட்டட வேலை பார்த்தவன், தமிழ் ஓரளவு பேசுவான். அவன் ஒரு நாள் என்னிடம் சொன்னான்: “இந்தி இல்ல அக்கா. நாங்க சந்தால் ஜனம். எங்களுக்கு வேற பாஷை இருக்கு.” சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்வேனோ என்று பயந்தவன் போல, “பரவால்ல அக்கா, இந்தின்னே சொல்லுங்க” என்றான்.

எனக்கு ஆட்களோடு கலகலவென்று பேச வராது. எட்டாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்திலும் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்தவள். ஷெட்டில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். பேசாத ஆளின் பக்கத்தில் நாள் பூராவும் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவளுக்குப் பேச்சே தேவையில்லை. முழங்கையால் என்னை இடிப்பாள். “பாரு.” கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் உப்புத் தூள் பறந்துகொண்டிருக்கும். பார்ப்பேன். மறுபடி இடிப்பாள். “பாரு.” சூப்பர்வைசர் தூங்கி விழுந்துகொண்டிருப்பார். தன் கையில் பச்சை குத்தியிருந்த கோடுகளையும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். புருஷனின் போனில் இருந்த அவள் ஊர் வீட்டின் போட்டோவைக் காட்டினாள். மண் சுவர்தான். ஆனால் அடியில் கறுப்பும் மேலே சிவப்புமாகப் பூசி, மெழுகி, அவ்வளவு சுத்தம். என் வீட்டுச் சுவர் அப்படி இருந்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புடவை ஒன்றைக் கொடுக்க அவள் கொட்டகைக்குப் போனேன். வாசலில் நின்றே கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து என் காலுக்கு முன்னால் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து கும்பிட்டாள். குடிக்கவா, கால் கழுவவா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவர்கள் ஜனத்தில் அப்படித்தான் மரியாதை செய்வார்களாம், புருஷன் சொன்னான். அந்த அளத்தில் நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். அதற்குச் சண்டை நடக்கும். அந்தத் தண்ணீரை எனக்காக வைத்திருந்தாள்.

அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்றும் பார்த்தேன். சோறு. ஒரு தட்டில் வேக வைத்து மசித்த உருளைக்கிழங்கு. பச்சை மிளகாய். உப்பு. நாங்களும் வேலை இல்லாத மழைக்காலத்தில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான். அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண் குழந்தை, இரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. வந்த புதிதில் கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தான். எல்லாவற்றையும் காட்டுகிறவள் அவனை மட்டும் அப்போது யாரிடமும் காட்டவில்லை. ஷெட்டின் மூலையில் காலிச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து, மேலே துணியைப் போட்டுவிடுவாள். யாராவது எட்டிப் பார்த்தால் துணியை இழுத்து மூடுவாள்.

வெயில் ஏறி, உப்பு நன்றாக விளைய ஆரம்பித்த நேரத்தில், அந்தக் குழந்தைக்குக் கன்னம் வைத்தது. முதலில் கன்னம், பிறகு கை, பிறகு கால். கண் இரண்டும் சதைக்குள் போய்ச் சின்னதாகத் தெரிந்தது. பாதம் பன் மாதிரி உப்பியது. ஒரு நாள் காலையில் அவள் துணி எதுவும் போடாமல் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்: “பாரு! பாரு!”

அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் காட்டவில்லை. வெளிச்சம், பச்சை குத்திய கோடு, சூப்பர்வைசர் தூக்கம் எல்லாம் போய்விட்டது. நாள் முழுவதும் குழந்தைதான். டீ குடிக்கிற நேரத்தில் ஒவ்வொருவரிடமும் கொண்டு போய் அவன் தொடையைக் கிள்ளிக் காட்டுவாள். உப்பு ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடமும் காட்டினாள். ஒரு தடவை முதலாளி காரிலிருந்து இறங்கியபோது அவருக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டாள். அவர் பயந்து பின்னால் நகர்ந்து, பிறகு சிரித்து, “நல்லா இருக்கான், நல்லா இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“தமிழ்நாட்டு அரிசி அக்கா” என்றான் புருஷன் பெருமையாக. “எங்க ஊர்ல எல்லாப் புள்ளையும் குச்சி மாதிரி இருக்கும். இங்க பாருங்க.”

செல்வி அக்காவுக்கு அந்தக் குழந்தை மேல் உயிர். “கன்னத்தப் பாருங்கடி, அப்படியே கடிச்சுத் தின்னலாம் போல இருக்குது. முடியப் பாரு, செம்பட்டையா, வெள்ளக்காரப் புள்ள மாதிரி. வெள்ளக்காரங்க இருக்கற குயிலாப்பாளையத்துல கொண்டு போய் விட்டா அவங்க புள்ளன்னே தூக்கிட்டுப் போயிடுவாங்க!”

உண்மைதான். கறுப்பாக இருந்த முடி கொஞ்சம் கொஞ்சமாகச் சோள நார் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பக்கம் ரோட்டில் பைக்கில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இவன் முடியும் வெயிலில் அப்படித்தான் மின்னியது.

“அழுவறதே இல்ல பாரு” என்பாள் இன்னொருத்தி. “எங்க வீட்ல ஒண்ணு இருக்குது, சோறு, முறுக்கு, பிஸ்கட்டுன்னு நாள் பூராவும் உயிர எடுக்குது. பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்.”

அவன் எதுவும் கேட்கமாட்டான். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டான். முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து, சில இடத்தில் பெயின்ட் உரிகிற மாதிரி உரிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் நிற்கிற எங்கள் கால்களைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்களுக்கும் கால் வீங்கும், வெடிக்கும், உரியும். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னோம். தடவினாள்.

கண் பட்டுவிடும் என்று செல்வி அக்காதான் பயந்தாள். கன்னத்தில் பெரிதாக ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் ஷெட்டில் கொட்டிக் கிடக்கும் உப்பில் ஒரு கை அள்ளி, மிளகாயோடு சேர்த்து, குழந்தையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, “பாத்தியா, எவ்ளோ கண்ணு பட்டிருக்குது!” என்பாள். குழந்தையைப் பெற்றவளுக்கு வார்த்தை புரியாது. தன் குழந்தைக்காக இவ்வளவு பேர் கவலைப்படுகிறார்கள் என்று புரியும். கண் கலங்கிக் கும்பிடுவாள்.

மழை ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஊருக்குள் அங்கன்வாடியில் கொழுகொழு குழந்தைப் போட்டி என்று சொன்னார்கள். எடை போட்டு, பார்த்து, முதல் மூன்று குழந்தைகளுக்குப் பரிசு. செல்வி அக்கா வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

“நம்ம புள்ளய உட்டா எவ ஜெயிக்கறான்னு பாக்கறேன்!”

போட்டி என்றால் என்ன என்று அவளுக்குப் புரிய வைக்க ஷெட்டே நடித்துக் காட்டியது. ஒருத்தி குழந்தையைத் தூக்கினாள், ஒருத்தி தராசு ஆனாள், ஒருத்தி பரிசு கொடுத்தாள். ஊரே கூடி நின்று தன் குழந்தையைப் பார்க்கப் போகிறது என்று அவளுக்கு விளங்கியதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! அன்று பாக்கெட்டுகளில் அளவு தாறுமாறாக இருந்தது. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

போட்டியன்று செல்வி அக்காவும் நானும் அரை நாள் லீவு போட்டு அவளோடு போனோம். குழந்தைக்குப் புதுச் சட்டை, கண்ணுக்கு மை, கன்னத்தில் பொட்டு. அவள் நான் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். அங்கன்வாடி வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரே அழுகைச் சத்தம். தராசில் வைத்தவுடன் ஒவ்வொரு குழந்தையும் வீறிட்டது. ஒன்று எடை பார்க்க வந்த நர்ஸின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. இவன் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தான்.

“எடை சரியாத்தான் இருக்குது” என்றார் அங்கன்வாடி டீச்சர்.

“சரியா என்னங்க, ஜாஸ்தியாவே இருக்கும்” என்றாள் செல்வி அக்கா.

நர்ஸ் அவனைத் தராசிலிருந்து தூக்கினார். அவன் முடியைத் தள்ளிப் பார்த்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மடியில் உட்கார வைத்து, அவன் பாதத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எடுத்தார்.

விரல் இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தது.

பிசைந்த மாவில் விரல் வைத்து எடுத்த மாதிரி ஒரு குழி. அது மேலே எழும்பவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது அப்படியே இருந்தது. நர்ஸ் இன்னொரு பாதத்திலும் அழுத்தினார். அங்கேயும் குழி. முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். அங்கேயும். குழந்தை அழவில்லை. யாருடைய காலையோ யாரோ அழுத்துகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அதை ஏதோ சோதனை என்று நினைத்தாள். சிரித்தபடி குனிந்து, தன் கட்டைவிரலையும் அவன் காலில் வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாரு” என்றாள்.

“இவங்க கூட யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்டார் நர்ஸ். குரல் மாறியிருந்தது. “இது சதை இல்லம்மா. தண்ணி. பூரா தண்ணி. புள்ள பட்டினியில கெடக்குது.”

“என்னம்மா சொல்றீங்க, மூணு வேளயும் சோறு போடறா, நான் கண்ணால பாக்கறேன்” என்றாள் செல்வி அக்கா.

“சோறு மட்டும் போட்டா? முட்டை, பருப்பு, பால் ஏதாவது?”

செல்வி அக்கா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அவள் அடுப்பில் பார்த்த உருளைக்கிழங்குதான் ஞாபகம் வந்தது.

“வயிறு ரொம்புது. உடம்புக்கு ஒண்ணும் போய்ச் சேரல. அதுனாலதான் தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. முடி இந்த நிறம் ஆனதும் அதுனாலதான். அழாம கெடக்குதே, அதுக்குத் தெம்பு இல்லம்மா.”

கன்னம், முடி, அழாத குணம். எதை எதையெல்லாம் சொல்லிக் கொஞ்சினோமோ அதையெல்லாம் அந்த நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்து நோய் என்று வைத்துக்கொண்டு வந்தார். செல்வி அக்கா பலூன் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைப் பெற்றவள் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, இன்னும் பாதிச் சிரிப்போடு, பரிசு எப்போது கொடுப்பார்கள் என்று காத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான் போனேன். செல்வி அக்கா அவள் புருஷனிடம் சொல்ல அளத்துக்குப் போனாள்.

அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். சின்ன டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்துப் பால். நேரம் தவறாமல் கொடுத்தார்கள். முதலில் அவன் அதைத் தொடவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு இறக்கினார்கள். அவள் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அப்போதும் அவள் குழந்தையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குப் புரியவில்லை என்றுதான் தோன்றியது. குழந்தைக்குக் காய்ச்சல், சரியாகிவிடும், அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது அவள் புருஷனும் என்னோடு வந்தான். அளத்தில் வேலை முடிகிற நேரம். கூட்டத்தை ஏஜென்ட் வேறு ஊருக்குச் செங்கல் சூளை வேலைக்கு மாற்றப் போகிறான். குடும்பத்தோடு வந்தால் வா, இல்லாவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லியிருந்தான். வழியெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

வார்டில் அவள் கட்டிலின் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை தெரியவில்லை. மடியில் துணியைப் போட்டு மூடியிருந்தாள். நான் கிட்டே போனதும் துணியை இன்னும் இழுத்தாள். புருஷன் ஏதோ சொல்லித் துணியை விலக்கினான்.

நான் அலறிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அங்கே இருந்தது வேறு குழந்தை. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கை குச்சி. தொடையில் தோல் மடிந்து மடிந்து தொங்கியது. கிழவனின் முகம். கன்னத்தில் மைப்பொட்டின் மிச்சம் இல்லாவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். அவ்வளவு நாளில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பாஷையில், நிறுத்தாமல். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“புள்ளைக்குள்ள இருந்தத எல்லாம் இங்க எடுத்துட்டாங்களாம் அக்கா. எலும்ப மட்டும் குடுத்துட்டாங்களாம். போயிடலாம்னு சொல்றா. இன்னிக்கே.”

வார்டு நர்ஸ் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் வடிந்துவிட்டது, இதுதான் குழந்தையின் உண்மையான உடம்பு, இனிமேல்தான் சதை வைக்கும், இன்னும் சில வாரம் இருந்தாக வேண்டும், இப்போது கூட்டிப் போனால் பிழைப்பது கஷ்டம். குழந்தையின் பாதத்தை அழுத்தியும் காட்டினார். குழி விழவில்லை. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எலும்பின் மேல் எப்படிக் குழி விழும்?

“சொல்லுப்பா அவளுக்கு” என்றார் நர்ஸ்.

அவன் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, எங்களுக்கு மொதல்ல ஒரு பொண்ணு இருந்துச்சு” என்றான். நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாவற்றையும் காட்டியவள், அந்தப் போனில் இருந்த போட்டோக்களை எல்லாம் காட்டியவள், அதை மட்டும் காட்டவில்லை. “ஊர்ல மழ பேஞ்சா நத்த கெடைக்கும், வயல்ல மீன் கெடைக்கும், கீர இருக்கும், காளான் இருக்கும். புள்ளைங்க கொஞ்சம் நல்லா இருக்கும். வெயில் காலத்துல ஒண்ணும் இருக்காது. அந்த வெயில்ல பொண்ணு இப்படித்தான் ஆச்சு. இதே கை, இதே கால். அப்புறம் போயிடுச்சு. இங்க சுத்தி உப்பு அக்கா, ஒரு கீரகூட மொளைக்காது. ஆனா இவன் குண்டா ஆனானா, இவன் பொழச்சுட்டான்னு நெனச்சோம்.”

அவள் படித்திருந்த பாடம் ஒன்றே ஒன்று. ஒல்லியானால் சாவு. அதை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தவள். பிள்ளை குண்டாகக் குண்டாக, அந்தச் சாவு தள்ளிப் போகிறது என்று நினைத்துத்தான் ஊரெல்லாம் தூக்கிக் காட்டியிருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரி அதைத் திரும்பக் கொண்டு வந்து அவள் மடியில் வைத்துவிட்டது. நான் அவள் இடத்தில் இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

ஓடினாள். புருஷனும் நானும் பேசிக்கொண்டிருந்தபோதே குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். “வா, உள்ள போலாம்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனின் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. எனக்கு அவள் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

ஸ்டாப்பில் ஒரு பெட்டிக்கடை. அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸைப் பார்க்கத் திரும்பியதில், முதுகில் இருந்த குழந்தையின் முகம் அவர் பக்கம் வந்தது.

அவன் கையை நீட்டினான். அந்தக் குச்சிக் கை துணிக்குள்ளிருந்து வெளியே வந்து, விரலெல்லாம் விரிந்து, பழத்தைப் பார்த்து நீண்டது. பெரியவர் கவனிக்காமல் ஒரு கடி கடித்தார். அவ்வளவுதான், அவன் அழ ஆரம்பித்தான். அப்படி ஒரு சத்தம் அந்த உடம்பில் எங்கே இருந்தது? பஸ் ஸ்டாப்பே திரும்பியது.

நான் கடையில் ஒரு பழம் வாங்கி அவனிடம் நீட்டினேன். கொடுக்கும் முன்னே பிடுங்கினான். தோலோடு கடித்தான். அவள் திடுக்கிட்டுத் துணியை அவிழ்த்து அவனை முன்னால் கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்து பழத்தை உரித்துப் பிட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்த விரலையும் சேர்த்துக் கடித்தான். பழம் தீர்ந்ததும் அவள் கையை விரித்துப் பார்த்துவிட்டு, வாயை அகலமாகத் திறந்து மறுபடி கத்தினான்.

அவள் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள், ஒரு தடவை, இரண்டாம் தடவை. அவன் என் பக்கம் திரும்பினான்.

“அந்தப் பொண்ணு கடைசில எதயும் கேக்கவே இல்ல அக்கா. வாய்ல வெச்சாகூட வெளிய வந்துடும். இவ சொல்றா... இது கேக்குதாம்.”

பெரியவர் எங்கள் பக்கம் வந்துவிட்டார். குழந்தையின் விலாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, நீங்கல்லாம் பொம்பளைங்களா? புள்ளைய இப்படிப் பட்டினி போட்டுக் கொன்னு வெச்சிருக்கீங்க? பசியில கத்துது, பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!”

அத்தனை மாதம் அவன் பட்டினியில் வீங்கிக் கிடந்தபோது ஒருவர்கூட அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லாரி டிரைவர் கேட்கவில்லை, முதலாளி கேட்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை. எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனோம்.

அவளுக்குத் தமிழ் புரியவில்லை. அழுதுகொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையை அணைத்துத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பஸ் வந்து நின்றது. அவள் அதன் முன்பக்கமாகச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வேகமாக நடந்தாள். அவன் அவள் தோள்மேல் எங்களைப் பார்த்து, இன்னும் கத்திக்கொண்டே போனான். புருஷன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான்.

“அழுதுக்கிட்டே போவுதேம்மா!” என்றார் பெரியவர்.

“அழட்டும் ஐயா” என்றேன். “நல்லா அழட்டும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பேயைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.